பலாக் கதிரையின் நாலாவது கால்

என் பிள்ளைக்கு,

நீ இதை வாசிக்கும்போது உனக்கு எத்தனை வயதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உனக்குக் கலியாணம் பேசுகிற காலம் வந்தாலோ, எங்கேயாவது ஒரு மேசையையோ அலுமாரியையோ தடவிப் பார்த்து ‘இதை எப்படிச் செய்தார்கள்’ என்று நீயாகக் கேட்டாலோ, எது முதலில் நடக்கிறதோ அன்றைக்கு இதைத் தரச் சொல்லிப் பெரியம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். இரண்டாவதுதான் முதலில் நடக்கும் என்பது என் கணிப்பு. இப்போது உனக்கு நாலு வயது. கிணற்றடியில் நின்று, ‘தண்ணிக்கு ஏன் நிறமில்லை’ என்று பெரியம்மாவை அரித்துக்கொண்டிருக்கிறாய். அவ, ‘உன்ரை கொப்பரைக் கேள்’ என்று என்னிடம் தள்ளிவிடுகிறா. இங்கே கேட்கிறது.

வருகிற கிழமை நீ பெரியம்மாவோடு கடல்நீரேரியைப் படகில் கடந்து கொழும்புக்குப் போகிறாய். அங்கிருந்து ஜேர்மனியில் இருக்கிற மாமாவிடம். எனக்கு ஊரைவிட்டு வெளியேறுகிற பாஸ் கிடைக்கவில்லை. என் வயது ஆம்பிளைகளுக்கு அது லேசில் கிடைப்பதில்லை. கிடைத்ததும் வருவேன். படகில் ஆளுக்கு ஒரு பைதான் கொண்டுபோகலாம், அதனால் உன் சின்னக் கதிரை இங்கே கோப்பாயிலேயே நிற்கப்போகிறது. அம்மாவைப் பற்றி உனக்கு ஏதாவது எழுதித் தா என்று பெரியம்மா கேட்டா. உனக்கு அம்மாவின் முகம் ஞாபகம் இல்லை, படத்தைக் காட்டினால் ‘இது பெரியம்மா’ என்கிறாய், அக்கா தங்கச்சி என்றபடியால் சாயல் அப்படி. நானும் கொப்பியும் பேனையுமாக இரண்டு மூன்று தரம் இருந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அம்மா போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, போன கிழமைவரை எனக்கு அழுகை வரவில்லை. சனம் கேட்டால் ‘ஓம், இருக்கிறம்’ என்கிறேன். சாப்பிடுகிறேன், தண்ணீர் இறைக்கும் மோட்டர்களைத் திருத்துகிறேன், கை தன் பாட்டில் வேலை செய்கிறது. நான் படித்தது இரசாயனம். சீமெந்துத் தொழிற்சாலை மூடும்வரை அதன் ஆய்வுகூடத்தில் கல்லையும் சுண்ணாம்பையும் சோதித்துக்கொண்டிருந்தவன். எனக்கு எழுத வருவது அப்படியான விஷயம்தான். ஆகையால் அந்தக் கதிரைக்கு எப்படி வெள்ளை வந்தது என்பதை எழுதுகிறேன். அம்மா அதற்குள் வருவாள்.

நீ நடக்கத் தொடங்கியிருந்த காலம் அது. மாமா அனுப்பிய பார்சல் ஒன்றைக் கொழும்பிலிருந்து ஆரோ கொண்டுவந்து தந்தார்கள். உனக்கு இரண்டு சட்டை, அம்மாவுக்கு ஒரு குடை. அம்மாவுக்குப் பிடித்தது அந்தக் குடையைச் சுற்றி வந்த சஞ்சிகைத் தாள். அதில் ஒரு பிள்ளைக்கதிரையின் படம் இருந்தது. தாளைக் கையால் அழுத்தி அழுத்திச் சுருக்கம் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“இஞ்சாருங்கோ, இதைப் பாருங்கோ. வெள்ளையும் தெரியுது, மரமும் தெரியுது. இது எப்பிடி?”

“பெயின்ற்றைத் தண்ணியாய் அடிச்சிருக்கினம்.”

“தண்ணியாய் அடிச்சால் எல்லா இடமும் ஒரே மாதிரியெல்லோ வெளிறும்? இதிலை ரேகையளுக்குள்ளை மட்டும்தான் வெள்ளை நிக்குது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கோ, சும்மா தலையாட்டாமல்.”

உருப்பெருக்கியை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. மரத்தின் நுண்துளைகளுக்குள்ளும் கீறல்களுக்குள்ளும் வெள்ளை இறங்கி நின்றது, மேடெல்லாம் மரத்தின் சொந்த நிறத்தில் கிடந்தது. படத்துக்குக் கீழே இருந்த ஜேர்மன் எழுத்தை எங்கள் இரண்டு பேருக்கும் வாசிக்கத் தெரியாது. ஆனால் அதில் ஒரு சொல்லை நான் முன்பே கண்டிருந்தேன். ஆய்வுகூடத்தில் இருந்த பழைய கருவி ஒன்றின் தகட்டில் அதே சொல் பொறித்திருந்தது. கல்க். சுண்ணாம்பு.

“சுண்ணாம்போ? எங்கடை காலுக்குக் கீழை முழுக்க அதுதானே. பிள்ளைக்கு இப்பிடி ஒரு கதிரை செய்வம்” என்றாள்.

எங்கள் கலியாணக் கட்டில் செய்தபோது மிஞ்சிய பலாப் பலகை வீட்டில் கிடந்தது. பக்கத்து ஒழுங்கை ஓடாவியார் அதை அறுத்து, இழைத்து, நாலு காலும் முதுகுச் சட்டமும் வைத்து உனக்கு அளவான கதிரை ஒன்று செய்து தந்தார். மஞ்சள் மரம், பார்க்க அப்படியே நல்லாய்த்தான் இருந்தது. நான் சைக்கிள் பிறேக் கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கி, கட்டி, ஒரு கம்பித் தூரிகை செய்தேன். அதால் ரேகை போகிற திசையில் உரஞ்சினால் மரத்தின் மென்மையான பகுதி தேய்ந்து துளைகள் வாய் திறக்கும். பிறகு சூளைச் சுண்ணாம்பை நீற்றி, களியாகக் குழைத்து, கதிரையைக் கவிழ்த்து, இருக்கைப் பலகையின் அடிப்பக்கத்தில் பூசினேன். காய விட்டுத் துடைத்தேன். வெள்ளை வரவில்லை. மஞ்சள் பலகை செம்பழுப்பாகச் சிவந்து கிடந்தது. அதைக் கழுவினேன், போகவில்லை. இன்னொரு தரம் பூசினேன், இன்னும் சிவந்தது.

அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு உன்னைக் கீழே இறக்கிவிட்டுத் தானும் நிலத்தில் இருந்து சிரிக்கத் தொடங்கினாள்.

“சுண்ணாம்புக்குப் படிச்சவர் கதிரைக்கு ஆலாத்தி எடுத்திருக்கிறார்” என்றாள்.

எனக்கு உடனே விளங்கவில்லை. “மஞ்சள் தண்ணியிலை சுண்ணாம்பைக் கரைச்சால் சிவக்கும் எண்டு கலியாண வீட்டிலை ஆலாத்தித் தட்டுக்குக் கிட்ட நிண்ட சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கடை கலியாணத்திலையும் நீங்கள் முன்னாலைதானே நிண்டனியள். அப்ப எங்கை பாத்துக்கொண்டு நிண்டனியள்?”

“உம்மைத்தான்” என்றேன்.

“உது நல்ல சாட்டு” என்றாள்.

பின்னேரம் வந்த ஓடாவியாரும் விடவில்லை. “உதென்ன தம்பி, நான் செய்து தந்த கதிரை வெத்திலை போட்டிருக்கு? பாக்கும் கொண்டரட்டோ?” என்றார். இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டேன். “எனக்கென்ன தெரியும், நான் மரத்துக்குச் சுண்ணாம்பு பூசிற விசரன் ஒருத்தரையும் இதுவரைக்கும் காணேல்லை” என்று சொல்லி, இரண்டு தரம் கதிரையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அந்தச் சிவப்புத் திட்டு இப்போதும் இருக்கிறது. கதிரையைக் கவிழ்த்தால் தெரியும்.

பிள்ளை, உனக்குப் புத்தி சொல்ல எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் ஒன்று சொல்லலாம். நீ ஆரையாவது கலியாணம் செய்தால், உன் வேலை ஒன்று இப்படிப் பிழைத்துப்போன நாளில் அந்த ஆள் என்ன செய்கிறான் என்று பார். அன்றைக்கு அம்மா சிரித்த சிரிப்பில் எனக்கு வெட்கம் வரவில்லை. அதன் பிறகு அவள் எழும்பிப் போய், குசினியிலிருந்து பாதித் தேசிக்காயைக் கொண்டுவந்து அதன் புளியால் அந்தச் சிவப்பில் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்த்தாள். சிவப்பு மங்கி, மஞ்சள் எட்டிப் பார்த்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சோறு அடிப்பிடித்தது அப்போதுதான்.

இப்போது காரணம் தெரிந்துவிட்டது. பலா மரத்துக்குள் ஒரு மஞ்சள் சாயம் உண்டு, தெற்கில் பிக்குமாரின் துணிக்கு அந்தச் சாயத்தைத்தான் போடுவார்கள். சுண்ணாம்பின் காரம் பட்டால் அது சிவக்கிறது, புளி பட்டால் திரும்புகிறது. ஆகவே எங்களுக்கு வேண்டியது காரமில்லாத வெள்ளை. சுண்ணாம்புக் கல்லைச் சுடாமல் அம்மியில் அரைத்துப் பார்த்தோம். மரம் சிவக்கவில்லை, ஆனால் பொடி மணல் மாதிரி நெருநெரு என்று, நிறமும் பழுப்பு. பழைய மதிலில் சுரண்டிய வெள்ளையில் பாதி பாசி.

“சுட்ட சுண்ணாம்பு எரியுது, சுடாத கல்லு எரியாது, மதிலிலை காய்ஞ்சதும் எரியாது. ஏன்?” என்று அம்மா கேட்டாள். அவள் படித்தது சரித்திரம். அதனால்தான் இந்தக் கேள்வியை இவ்வளவு ஒழுங்காகக் கேட்க முடிந்தது என்று நினைக்கிறேன். எனக்குப் பதில் மனப்பாடம், கேள்வி ஒருநாளும் வந்ததில்லை.

“சூளையிலை சுடேக்கை கல்லுக்குள்ளை இருக்கிற ஒரு வாயு வெளியிலை போகுது. பிறகு அது இல்லாத பசியோடை நிக்கும். காத்திலை இருந்து அந்த வாயுவைத் திருப்பி எடுத்து, திருப்பியும் கல்லாகும். அதுக்குப் பிறகு காரம் இல்லை.”

“காத்திலை அது எவ்வளவு இருக்கு?”

“மெத்தக் குறைவு. எங்கடை மூச்சிலை அதைவிடக் கூட இருக்கு.”

அவள் எழும்பி வளவுக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு பப்பாசி இலைத் தண்டு, இரண்டு பக்கமும் நறுக்கி, குழாய் மாதிரி.

“பள்ளிக்கூடத்திலை சுண்ணாம்புத் தண்ணிக்குள்ளை ஊதினனாங்கள். பால் மாதிரி வந்தது. விஞ்ஞான பாடத்திலை எனக்குப் பிடிச்ச ஒரே நாள் அதுதான், ஏனெண்டால் அண்டைக்கு ஊதினால் ரீச்சர் பேசேல்லை. உந்தப் பால் அடியிலை படிஞ்சால் என்ன?”

நான் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டு இருந்தேன். அது படிந்தால், கிடைப்பது ஆய்வுகூடத்தில் நாங்கள் காசு கொடுத்து வாங்கிய, மாவிலும் மென்மையான சோக்குப் பொடி. காரம் இல்லாதது.

அப்படித் தொடங்கியதுதான். மண்பானையில் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிய விடுவேன். தெளிந்த தண்ணீரை மெதுவாகப் போத்தல்களில் வார்ப்பேன். பின்னேரங்களில் அம்மா வாசல்படியில் இருந்து பப்பாசித் தண்டால் ஊதுவாள். நீ மடியில் ஏறித் தண்டைப் பிடுங்கப் பார்ப்பாய். கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் புகையாகி, பாலாகி வரும்போது ஒவ்வொரு தரமும் ஏதோ முதல் தரம் காண்பது போல என்னை நிமிர்ந்து பார்ப்பாள். “கண்டியளோ?” என்பாள். நான் காணாமல் எங்கே போவேன். ஒரு போத்தலுக்கு ஒரு சிட்டிகை பொடிதான் கிடைக்கும். அதைத் துணியில் வடித்து வெயிலில் காயவைத்து ஒரு ஜாம் போத்தலில் சேர்த்தோம்.

“காணும், நிப்பாட்டும். கூட ஊதினால் திருப்பியும் கரையத் தொடங்கும்” என்று ஒருநாள் சொன்னேன். அவள் நம்பவில்லை. நம்பாதவள் நிறுத்தவும் மாட்டாள். வேணுமென்று ஊதிக்கொண்டே இருந்தாள், முகம் சிவந்து, கண் நனைந்து. கடைசியில் பால் வெளிறித் தெளியத் தொடங்கியது.

“ஐயோ, என்ரை மூச்சைத் திண்டுபோட்டுது” என்றாள். அந்தத் தண்ணீரை அடுப்பில் கொதிக்க வைத்தேன், வெள்ளை திரும்பி வந்தது. அதற்கு அவள் கைதட்டினாள். “சரி, இனி நீங்களும் ஊதுங்கோ. எனக்குத் தலை சுத்துது.”

“ஆராவது ஒராள் பாத்துக்கொண்டு நிக்க வேணும்” என்றேன்.

“எப்பவும் உந்த வேலைதான் உங்களுக்கு.”

பொடி கிடைத்த பிறகும் லேசில் முடியவில்லை. தேங்காயெண்ணெயில் குழைத்துத் தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்க வெள்ளை எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே காணாமல் போனது. மழையில் நனைந்த சீலை உடம்பு தெரியக் கிடப்பது மாதிரி, எண்ணெயில் நனைந்தால் அந்தப் பொடி ஊடு தெரியும். அது எனக்குப் புத்தகத்தில் தெரிந்த விஷயம், கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். கடைசியில் அம்மா சோற்றுக் கஞ்சியைக் கொண்டுவந்தாள். கஞ்சியில் களியாகக் குழைத்து, ரேகைக்குக் குறுக்கே விரலால் அழுத்தித் தேய்த்து, அரைவாசி காய்ந்ததும் சாக்குத் துணியால் துடைத்து, நல்லாய்க் காய்ந்தபின் தேங்காய்த் தும்பால் மினுக்கினோம். மேட்டில் மஞ்சள் மரம், பள்ளத்தில் வெள்ளை. அந்தத் தாளில் இருந்ததைவிட வடிவு. பலாவின் துளைகள் நீளம், அதனால் வெள்ளை கோடு கோடாக, ஆரோ சீப்பால் வாரிவிட்டது போல நின்றது. முதலில் முதுகுச் சட்டம், பிறகு ஒவ்வொரு காலாக. நீ இருக்கிற பலகையை மட்டும் மரமாகவே விட்டோம்.

மூன்று கால் முடிந்திருந்தபோது அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. அந்த வருஷம் எல்லா வீட்டிலும் வந்த காய்ச்சல்தான். ஆசுபத்திரியில் இருந்த மருந்தைத் தந்தார்கள், இல்லாததைத் தர அவர்களால் முடியவில்லை. அவள் தலைக்குள் அது ஏறிவிட்டது. கடைசியாகத் தெளிவாய்க் கதைத்த நேரம், “அந்தக் காலை முடிச்சியளோ?” என்று கேட்டாள். “நீர் வந்து முடியும்” என்றேன். வேறு ஒன்றும் இல்லை. இதை நான் சொன்ன மாதிரியே உனக்கு எழுதியிருக்கிறேன்.

ஜாம் போத்தலில் பொடி மிச்சம் இருந்தது, நாலாவது காலுக்கு அளவாக. அதற்குப் பிறகு ஒரு பின்னேரம், ஏன் என்று தெரியாமல், நான் அதைக் கணக்குப் பார்த்தேன். அந்தப் பொடியில் நூறு பங்கில் நாற்பத்து நாலு பங்கு, ஊதினவரின் மூச்சிலிருந்து வந்தது. மிச்சம் இந்த ஊர்க் கல். இது கவிதை இல்லை பிள்ளை, நிறுத்துப் பார்க்கலாம். அதைக் கண்டபிறகு என்னால் அந்தக் காலை முடிக்க முடியவில்லை. முடித்தால் போத்தல் வெறுமையாகிவிடும். முடிக்காவிட்டால் அவள் கேட்டது அப்படியே நிற்கும். போத்தலைச் சாமித்தட்டில் வைத்தேன். நீ மூன்று வெள்ளைக்காலும் ஒரு மஞ்சள்காலும் உள்ள கதிரையில் இருந்து சாப்பிட்டாய். உன் பயணம் சரிவந்ததும் எனக்கு ஒரு முடிவு கிடைத்தது என்று நினைத்தேன். கதிரை படகில் போகாது, போத்தல் உன் பைக்குள் போகும்.

போன வெள்ளிக்கிழமை காலையில் நான் மோட்டர் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே பெரியம்மா கத்தினா.

“தம்பி, ஓடிவாரும். பிள்ளை சுண்ணாம்பை அள்ளிப் பூசிப்போட்டுது, கண்ணிலை படப்போகுது.”

நீ கதிரையில் ஏறிச் சாமித்தட்டை எட்டியிருக்கிறாய். நெற்றி, மூக்கு, இரண்டு கை, வயிறு, எல்லாம் வெள்ளை. நிலத்தில் மிச்சம் புழுதியோடு கலந்து கொட்டிக் கிடந்தது. பெரியம்மா செம்போடு தண்ணீர் கொண்டு ஓடி வந்தா.

“கழுவாதேங்கோ அக்கா” என்றேன். “உது சுடாது. உதிலை காரம் இல்லை.”

“அப்பா, திருநீறு” என்று எனக்கு நெற்றியைக் காட்டினாய். சாமித்தட்டில் வெள்ளையாய் இருந்தது வேறென்னவாக இருக்கும். சுண்ணாம்பு நீறுவதையும் நீறு என்கிறோம், நெற்றிக்கு இடுவதையும் நீறு என்கிறோம். உன்மேல் பிழையில்லை. உன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று பெரியம்மாவிடம் கேள். “அப்பா, விடுங்கோ, மூக்குக் கடிக்குது” என்று நீ சொல்லும்வரை நின்றேன். பிறகு நீ கிணற்றடிக்கு ஓடினாய், பெரியம்மா கழுவிவிட்டா. அது தண்ணீரோடு வாழைக்குப் போனது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று பின்னேரம் நீ கதிரையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு கேட்டாய். “இந்தக் கால் ஏன் வெள்ளை இல்லை?”

“வெள்ளை முடிஞ்சுது.”

“எங்கை வாங்கிறது?”

“வாங்கேலாது. ஊத வேணும்.”

“எப்பிடி?”

அந்த ‘எப்பிடி’யை எனக்குத் தெரியும். அதே குரல், அதே நாடி தூக்கல். சுண்ணாம்பை நீற்றித் தெளிய விட்டேன், அடுத்த நாள் பப்பாசித் தண்டு வெட்டி வந்தேன். தண்ணீரை உறிஞ்சக் கூடாது, ஊத மட்டும்தான் வேண்டும் என்று வெறும் தண்ணீரில் உன்னைப் பழக்கினேன். பிறகு அம்மா இருந்த படியில் உன்னை இருத்தி, போத்தலைப் பிடித்துக்கொண்டேன். நீ ஊதினாய். முதலில் சத்தம், குமிழி, சிரிப்பு. பிறகு புகை. பிறகு பால்.

“கண்டியளோ?” என்றாய்.

உனக்கு அதை ஆரும் சொல்லித்தரவில்லை. பெரியம்மாவைப் பார்த்தேன், அவ முகத்தைத் திருப்பிக்கொண்டா.

சின்னப் பிள்ளையின் மூச்சு எவ்வளவு. மூன்றாவது போத்தலில் களைத்துப்போய்த் தண்டை என் பக்கம் நீட்டினாய். “அப்பா, நீங்கள் ஊதுங்கோ.”

“அப்பா பாத்துக்கொண்டு நிக்கிறன்.”

“நான் பாக்கிறன். நீங்கள் ஊதுங்கோ.”

தண்டை வாங்கினேன். நான் ஒருநாளும் ஊதியதில்லை. தண்டு கசந்தது, அம்மா அதைப் பற்றி ஒருநாளும் சொல்லவில்லை. ஊதினேன். நீ போத்தலுக்குக் கிட்ட மூக்கை வைத்துக்கொண்டு, “வரேல்லை, வரேல்லை” என்று சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்கு அது வியப்பாக இருக்கவில்லை. பிறகு “வந்திட்டுது” என்றாய். பார்த்தேன். வெள்ளை. என் மூச்சாலும் அது வருகிறது. அந்த ஒரு வருஷத்தில் நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் சோதனை முடிவு அதுதான். தண்டை வாயிலிருந்து எடுக்காமலே அழுதேன், குமிழிகள் தாறுமாறாக வந்தன, நீ அதற்கும் சிரித்தாய்.

ஒவ்வொரு பின்னேரமும் ஊதிச் சேர்த்த பொடியால் நேற்று நாலாவது காலை முடித்தோம். கஞ்சி பெரியம்மா தந்தா, விரல் உன்னுடையது, துடைத்தது நான். காய்ந்தபிறகு உருப்பெருக்கியை எடுத்து நாலு காலையும் பார்த்தேன். எது அம்மா ஊதியது, எது நாங்கள் ஊதியது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரிந்த எந்தச் சோதனையிலும் பிரியாது.

போத்தல் வெறுமையாக இருக்கிறது, உன் பைக்குள் அது வராது. சுண்ணாம்பு நீ போகிற ஊரிலும் கிடைக்கும், அதன் பெயரை மேலே எழுதியிருக்கிறேன். பப்பாசித் தண்டு கிடைக்காவிட்டால் சோடா உறிஞ்சுகிற குழாய் போதும். கூட ஊதாதே, கரைந்துவிடும். கரைந்தாலும் கொதிக்க வை, வரும்.

நீ இப்போது கிணற்றடியில் நின்று கூப்பிடுகிறாய், தண்ணிக்கு ஏன் நிறமில்லை என்று கேட்க. வாறன் என்று சொல்லிவிட்டேன்.

அப்பா